பொதுச் செயலாளருக்கு நான் கொடுத்த கடுதாசி

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். மறதியும் சேர்ந்துகொண்டது.

பல நாடுகள் கூடி நடத்தும் ஓர் அமைப்பின் பொதுச் செயலாளர், கோலா சிலாங்கூர் பக்கம் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். நான் அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டு, லயத்தில், தோட்டம் தங்கைக்குக் கொடுத்திருந்த வீட்டில் இருந்தேன். அவளுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. மருந்து தெறித்துத் தெறித்து வலது கண் மங்கிக்கொண்டே வந்தது. வேறு வேலை கேட்டால், வேலை வாங்கும் மண்டோர் சிரிப்பார்.

வருகிறவருக்கு மாலை போட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைத்தான் பிடித்தார். "இவ வாயே தொறக்க மாட்டா, இவளே போடட்டும்" என்று என் எதிரிலேயே சொன்னார். அன்று காலை மருந்தடிக்கும் பெண்களுக்குப் புதுக் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கி ஸ்டோரில் பூட்டிவிட்டார்கள்.

தங்கைக்குக் கண் தெரியவில்லை, மருந்து வேலையிலிருந்து மாற்றச் சொல்லுங்கள் என்று தமிழில் எழுதி, மாலைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்திருந்தேன். கொடுக்கப் பயம். ஆனால் அவருக்குக் கார் கதவைத் திறந்துவிட்டது எங்கள் மேனேஜர். மேனேஜருக்கே மேலே இருப்பவர், ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்து நீட்டிவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தலை தாழ்த்தினார். அதுவரை எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

சில மாதம் கழித்துக் கிராணி கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் என் கடுதாசி. அதன்மேல் முத்திரை குத்திய நாலைந்து தாள்.

"ஒலகத்தையே சுத்திட்டு வந்திருக்குலா ஒன் கடுதாசி! அவரு யாருக்கும் உத்தரவு போட முடியாது, தெரியுமா? நாடுங்க சேந்து வச்ச ஆளு. நம்ம கவர்மெண்டுக்கு அனுப்புனாரு, அவங்க இலாகாவுக்கு, இலாகா நமக்கு."

"அப்ப முடிவு பண்றது யாருங்கய்யா?"

"வேற யாரு, நம்ம மேனேஜர்தான். கண்ணு தெரியலன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. கண்ணு தெரியாதவளுக்குத் தோட்டத்துல என்னா வேல?"

அந்த மாதமே தங்கையை நிறுத்தினார்கள். வேலையோடு லயத்து வீடும் போனது. இப்போது அசாம் ஜாவா என்ற ஊரில் அவள் மகன் வீட்டுப் பின்னறையில் இருவரும் கிடக்கிறோம். யாராவது வந்தால், "இதுதான் எங்கக்கா, பெரிய தொரைக்கே கடுதாசி குடுத்தவ" என்பாள். நான் தேத்தண்ணி கலக்கப் போய்விடுவேன்.

அவர் போகிற நாட்டில் எல்லாம் கதவைத் திறந்துவிடுவார்கள், மாலை போடுவார்கள். சொன்னதைக் கேட்க மட்டும் ஆள் இல்லை போலிருக்கிறது. கிராணி சொன்னது நிஜமா? ஒரு பொம்பளையை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லக்கூட அந்தப் பதவிக்கு அதிகாரம் கிடையாதா, இல்லை இருந்தும் அவர் செய்யவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். தங்கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.