பி பன்னிரண்டு கால் நனைத்த கதை

என் நாத்தனார் தையல்காரி. சின்ன வயதில் வந்த போலியோவில் கால்கள் பலமிழந்துவிட்டன. நாக்குக்கு அந்தக் குறை இல்லை. முன்னறையில் சக்கர நாற்காலி, எதிரே கையால் சுற்றும் மெஷின், சுற்றிலும் பள்ளிச் சீருடைகள். பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் கடல். ஆனால் நாற்பத்திரண்டு வயதாகியும் அவள் கால் அதில் நனைந்ததில்லை. சாலையோரச் சுவர் வரை போவாள். அதற்கப்பால் மணல், சக்கரம் புதைந்துவிடும். அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இடுப்பு வலிக்காரர். தூக்கவே கூடாதென்று டாக்டர் உத்தரவு.

"ஒரே ஒரு தடவை கால நனைச்சுட்டா போதும் அண்ணி" என்பாள்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மாற்றுத்திறனாளிகளின் சுற்றுலா பற்றி ஆய்வாம். மணல்மேல் பலகைப் பாதை போட்டு, தண்ணீர் வரை நாற்காலியைத் தள்ளிப்போவார்களாம். அதனால் மனநிறைவு கூடுகிறது என்று ஆய்வு சொன்னால், நகராட்சி அந்தப் பாதையை நிரந்தரமாக்கிவிடுமாம். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. நனைந்தால் சட்டென்று காயட்டும் என்று மெல்லிய துணியில் ஒரு பாவாடை தைத்து வைத்துக்கொண்டாள்.

குலுக்கல் போட்டார்கள். இவள் பி குழுவில் பன்னிரண்டாம் ஆள். ஏ குழுவைக் கடலுக்கு அழைத்துப்போவார்கள். பி குழுவை அழைத்துப்போக மாட்டார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டாமா!

"அப்ப நாங்க என்ன சார் பண்ணணும்?"

"நீங்க சும்மா வீட்ல இருக்கணும்மா. உங்க பங்களிப்பு ரொம்ப முக்கியம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அவள் வேறென்ன செய்துகொண்டிருந்தாளாம்?

ஏ குழு போய்வந்ததும் ஒவ்வொரு தடவையும் பலகைகளைப் பல்கலைக்கழகக் கிடங்கில் பூட்டிவைத்தார்கள். பி குழு ஆள் யாரும் தப்பித்தவறிக் கடலுக்குப் போய்விடக் கூடாதே! மாதாமாதம் ஓர் ஆய்வு மாணவி படிவத்தோடு வந்து, "போன மாசம் உங்க மனநிறைவு எவ்வளவுக்கா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க" என்பாள். இவள் எல்லாக் கேள்விக்கும் ஒன்று போடுவாள். சலித்துப்போய் மற்ற பதினோரு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பி குழு என்றால் இவள் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

"நீயும் போய்யான்னு விட்டுத் தொலையேன்" என்றேன்.

"நாம ஒழுங்கா பதில் சொன்னாத்தான் அண்ணி பாதை வரும்" என்றாள் அந்தப் பைத்தியம்.

ஆய்வின் கடைசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பாவாடையை அவள் பெட்டியிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி மடித்து வைத்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டராவது கீக்டராவது! சுவர் வரை நாற்காலி. பிறகு அவர் முதுகில் தங்கை. பின்னால் காலைப் பிடித்துக்கொண்டு நான். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். அலை வந்து அவள் மடி வரை நனைத்தது. "ஐயோ அண்ணி, மண்ணு கால இழுக்குது!" என்று கத்தினாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, நான் அழுதேன். அவர் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் தூக்கினால் அவருக்கும் ஒரு சக்கர நாற்காலி வாங்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

மாணவி கடைசிப் படிவத்தோடு வந்தாள். எல்லாக் கேள்விக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து.

"நான் கடலுக்குப் போனேம்மா. அதையும் எழுதிக்கோ."

அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பி குழு படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையேக்கா" என்று மூடிவைத்துவிட்டாள்.

முடிவை வெளியிடும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மண்டபம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டோம். "ஏ குழுவின் மனநிறைவு மூன்றிலிருந்து நான்காகத்தான் உயர்ந்தது. கடலுக்கே போகாத பி குழுவிலோ ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்திருக்கிறது! ஆகவே பலகைப் பாதை அவசியமில்லை." ஒரே கைதட்டல்.

 

பேராசிரியர் படியிறங்கி வந்து, "எல்லாம் உங்களாலதாம்மா" என்று கைகூப்பினார்.

"சார், இப்ப என் மனநிறைவு எவ்வளவுன்னு கேளுங்க" என்றாள் நாத்தனார்.

"எவ்வளவும்மா?"

"ஒண்ணு. எழுதிக்குங்க."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "ஆய்வு முடிஞ்சுபோச்சேம்மா" என்றார்.