குழாயை மூடுனியா, புள்ள?

என் மாமியார் முதன்முதலில் என்னை 'வாங்க' என்று கூப்பிட்டபோது நான் பூரித்துப்போனேன். மலைமேல் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்த என்னை அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. கீழே சமவெளியில், பெருமாட்டி என்ற ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது. மகன் சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று மூன்று வருடம் எங்களோடு பேசாமல் இருந்தவர். ஒருவழியாக மனம் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

என் கணவர்தான் போட்டு உடைத்தார். "எங்கூர்ல மருமகள 'வா புள்ள, போ புள்ள'ன்னுதான் சொல்லுவாங்க. 'வாங்க'ன்னா நீ இன்னும் விருந்தாளின்னு அர்த்தம்."

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஆஸ்திரேலியாவில். மாமியார் மூன்று வாரம் எங்களோடு இருக்க வந்திருந்தார். அதற்குள் அந்த 'ங்க'வைக் கழற்றியே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு. காருக்குப் பின்னால் வாடகைக் கேரவனை மாட்டிக்கொண்டு பாலைவனம் பார்க்கக் கிளம்பினோம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஒற்றை அறை அது. அதற்குள் ஐந்து நாள் முட்டி மோதிக்கொண்டு இருந்தால் யாராக இருந்தாலும் விருந்தாளியாக நீடிக்க முடியாது என்று நம்பினேன்.

இரண்டு நாள் சிவப்பு மண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. "ஏனுங்க, இத்தன மண்ணு சும்மா கெடக்குதே, ஒரு தென்னங்கன்னு நட ஆளில்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தென்னங்கன்று காதில் விழவில்லை, 'ங்க'தான் விழுந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினோம். அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி அசத்திவிடலாம் என்று அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வானம் செக்கச்செவேலென்று மாறியது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் லயத்தில் ஓடையிலிருந்து ஓஸ் வழியாக வரும் தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாயை மூடுகிற பழக்கம் எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை. ஆசை தீரப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், குழாயில் வெறும் காற்று இருமிக்கொண்டிருந்தது. தொட்டி காலி. அடுத்த ஊருக்கு அரை நாள் ஓட்டம்.

மாமியாரோ, போர்வெல் வற்றி, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊர்க்காரர். ஓடி வந்து குழாயைத் திருகிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அறிவிருக்குதா புள்ள உனக்கு? கொழாயத் தொறந்து உட்டுட்டு வானத்தப் பாத்துட்டு நிக்கற! இதென்ன உங்க மலைன்னு நெனச்சியா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமாதானம் செய்ய வந்த கணவர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

"சிரிக்கற வேற!"

"அத்தே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"புள்ளன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கேன்களை இழுத்தார். இரண்டும் தண்ணீர். மேலே பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"கௌம்பறப்பவே ரொப்பி வெச்சேன். ஒரு மலைக்காரிய நம்பிக் காட்டுக்கு வர முடியுமா?" என்றவர் என் கையில் டம்ளரைக் கொடுத்தார். "அரிசிய நான் கழுவறேன். நீ அளந்து ஊத்து."

கழுவிய தண்ணீரைக் கொட்டவிடவில்லை. அதிலேயே பருப்பை வேகவைத்தோம். சோறு கொஞ்சம் குழைந்துதான் போனது. எனக்கு அன்றைக்குப் பசியும் மகிழ்ச்சியும் ஒன்றாக இருந்தன, மூன்று தட்டு சாப்பிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் பெருமாட்டியிலிருந்து வீடியோ கால் வரும். நான் சமையலறையில் நின்றுதான் எடுப்பேன். எடுப்பதற்கு முன்னால் குழாயை லேசாகத் திறந்துவிடுவேன்.

"தண்ணி சத்தம் கேக்குது! கொழாய மூடு புள்ள!" என்று அங்கிருந்து அலறுவார்.

கீழே வாளி வைத்திருப்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.