மூணாறு போகாத காண்டஸா

பத்து வயதில் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. மாமாவின் காரில் உட்கார்ந்து மலை ஏற வேண்டும். எந்த வளைவில் எனக்கு வாந்தி வருகிறது என்று சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை என்ன என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் கோபம் வருகிறது. வரட்டும்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அம்மாவின் தம்பியான மாமா, சின்னமனூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கடையில் இருந்த நேரத்தைவிட ரோட்டில் இருந்த நேரம்தான் அதிகம். தொண்ணூற்றெட்டு வாக்கில் குமுளிக்கு மேலே இருந்த ஓர் ஏலத்தோட்டக்காரரிடமிருந்து பழைய காண்டஸா கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, உறுமுகிற இன்ஜின், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பின்சீட்டு. ஜீப்பையும் டிராக்டரையும் மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் தெருவில் அந்தக் கார் வந்து நின்றபோது, சண்டைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது.

ஆனால் அப்பாவும் நானும் கூடப் போய் அதைக் குமுளியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த அன்றைக்கே அதன் வீரம் தெரிந்துவிட்டது. வளைவு வந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தபடி கொஞ்ச நேரம் யோசிக்கும். அது நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பாதி மலை இறங்குவதற்குள் நான் மாமாவின் புதுச் சீட்டு உறை முழுக்க வாந்தி எடுத்துவிட்டேன்.

எனக்கு அது புதிதில்லை. பஸ், ஜீப், வேன் எதில் மலை ஏறினாலும் அப்படித்தான். அதனாலேயே பள்ளிக்கூடத்தில் தேக்கடிக்குக் கூட்டிப்போனபோது டீச்சர் என்னை விட்டுவிட்டுப் போனார். "இதுக்கு வயிறு சரியில்ல, இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது" என்று கார் வந்த அன்றைக்கும் அப்பா தீர்ப்புச் சொன்னார். மாமாதான் ஓரமாக வண்டியை நிறுத்தி, துணியை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "புள்ள மேல தப்பு இல்ல மச்சான். வண்டி மேலதான் தப்பு" என்றார். அதுவரை என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து மாமா என்ன சொன்னாலும் எனக்கு வேதவாக்கு.

மறுநாள் அவர் என்னை வீட்டில் மடித்துப் போட்டிருந்த பஞ்சு மெத்தை மேல் நிற்கச் சொல்லித் தோளில் லேசாகத் தள்ளினார். நான் இரண்டு பக்கமும் ஆடி விழுந்தேன். பிறகு தரையில் காலை அகட்டி நிற்கச் சொல்லித் தள்ளினார். அசையவில்லை.

"காரு இப்ப மெத்தை மேல நிக்குது ஆத்தா. அதை நான் தரையில நிப்பாட்டப் போறேன்."

சின்னமனூரில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற டிரிப் ஜீப்புகளுக்கு ஸ்பிரிங் கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. மாமா பாதி நாள் அங்கேயே கிடந்தார். எண்ணெய் கசிந்துகொண்டிருந்த பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அகலமான ரேடியல் டயர்கள் வந்தன. முன்பக்கத்துக்குத் தடித்த சுருள் ஸ்பிரிங் மதுரையிலிருந்து வந்தது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, வண்டியைத் தரையோடு கொஞ்சம் இறக்கினார்கள். கடைசியாக, இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி அடியில் ஒரு வளைந்த இரும்புக் கம்பி. ஒரு பக்கம் சாயப் பார்த்தால் மறுபக்கம் விடாது என்று மாமா விளக்கினார். பட்டறைக்காரருக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. "சொகுசா போற காரை எதுக்குண்ணே ஜீப்பாக்கச் சொல்றீக?" என்று ஒவ்வொரு போல்ட்டை முடுக்கும்போதும் கேட்டார்.

ஒவ்வொன்றையும் மாற்றியதும் ஞாயிற்றுக்கிழமை லோயர்கேம்பிலிருந்து குமுளி மலைக்கு ஏறுவோம். நான் பின்சீட்டில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருப்பேன். மாமாவுக்கு வேகம் தெரியும், வளைவு தெரியும். ஆனால் வண்டி சரியாகிவிட்டதா என்று தெரிய என் வயிறுதான் வேண்டும். எதையும் மாற்றாமல் ஏறிய முதல் தடவை மலை தொடங்கியதுமே வாந்தி வந்துவிட்டது. ஷாக் அப்சார்பர் மாற்றியபின் மாதா கோவில் வளைவு வரை தாங்கினேன். ஒவ்வொரு தடவையும் மாமா இறங்கி வந்து, எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் தொடங்கியது, வலது பக்கம் திரும்பும்போதா இடது பக்கமா என்று பெரிய மனுஷியிடம் கேட்பதுபோலக் கேட்பார். நானும் யோசித்து, பொய் இல்லாமல் சொல்வேன். வேண்டுமென்றே ஒரு தடவைகூட அடக்கியதில்லை, ஒரு தடவைகூட நடித்ததில்லை.

அந்த இரும்புக் கம்பி போட்ட ஞாயிற்றுக்கிழமை வண்டி வளைவுகளில் சாயவே இல்லை. ரோட்டில் ஒட்டிக்கொண்டு போனது. மாமா திருப்பத் திருப்ப அது உடனுக்குடன் திரும்பியது. குமுளியில் இறங்கியபோது என் கையில் இருந்த பை காலியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சேட்டன் கடையில் பழம்பொரி வாங்கித் தின்றேன். மாமா எதுவும் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய லீவுக்கு மூணாறு போறோம். போடி மெட்டு வழியா. நீதான் முன்சீட்டு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் அதை யார் யாரிடம் சொன்னேன் என்பதைவிட, யாரிடம் சொல்லவில்லை என்று கேட்பது சுலபம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். சமதளத்தில் அந்த வண்டி முரட்டுத்தனமாகப் போகும். ஒவ்வொரு பள்ளமும் உட்கார்ந்த இடத்தில் அப்படியே வந்து இடிக்கும். அப்பா அதற்குக் கட்டைவண்டி என்று பெயர் வைத்தார். தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அம்மா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வெகுநேரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அம்மாவுக்கும் என்னைப் போலத்தான் ஆகிறது என்று நினைத்துப் பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்புறம் கொஞ்ச நாளாக அவள் எனக்குத் தலை பின்னிவிடவில்லை. கட்டிலில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை போட்டுப் படுத்தாள். வெயில் காலம், சூடு என்றார்கள். நானும் சரி என்றிருந்தேன். எனக்கு மூணாறு இருந்தது.

பெரிய லீவு தொடங்கியது. மாமா கார் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டி பழையபடி உயரமாக நின்றது. ஓடிப்போய்ப் பின்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்தினேன். மெத்தை மாதிரி அமுங்கி, யோசித்து, எழுந்தது.

"ஸ்பிரிங்கு எங்க மாமா?"

"கழட்டிட்டேன் ஆத்தா. வண்டிக்கு ஒத்துக்கல."

"எனக்கு ஒத்துக்கிச்சே."

மூணாறு எப்போது என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் தெருவில் நின்று கத்தினேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமை குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தது நான். கழற்றுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஏமாற்றுக்காரர் என்று சொன்னேன். அப்பா அடிக்கக் கை ஓங்கினார். "விடுங்க மச்சான், அது சொல்றது நியாயந்தான்" என்று மாமா தடுத்தார். நியாயம் என்று தெரிந்தும் செய்கிறாரே என்று எனக்கு இன்னும் ஆத்திரம். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் மூணாறு எப்படி இருந்தது என்று கேட்காத பிள்ளை இல்லை.

அந்தக் கார் அதற்குப் பிறகு ஒருபோதும் வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. சில வருடங்களில் மாமா அதை விற்றும்விட்டார்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள், அம்மாவும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இந்தக் கதையை எடுத்தேன். மாமா என்னை ஏமாற்றியதை வழக்கம்போல நான் சொல்லி முடித்ததும், அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அவன் எனக்காகத்தான்டி மாத்துனான். எனக்கு அப்ப முதுகெலும்புல டிபி. அடிக்கடி மதுரைக்குப் போய்க் காட்டணும். அந்த ஸ்பிரிங்குல ஒவ்வொரு பள்ளத்துக்கும் உசுரு போயிட்டு வந்துச்சு. ஆட்டம் படாமக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டரு சொன்னாக."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டிபின்னு தெரிஞ்சா நம்ம வீட்டுல யாரு தண்ணி குடிப்பா? உன்னைய எந்தப் புள்ள பக்கத்துல உக்கார வைக்கும்? உன் வாயில அப்ப எது நின்னுச்சு?"

அவளுக்கு மருந்து கேட்டது, நன்றாகிவிட்டாள், அதெல்லாம் சரி. ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. வாந்தி எடுப்பதற்கு நான் பெரிய மனுஷி. விஷயத்தைச் சொல்வதற்கு மட்டும் சின்னப் பிள்ளையா? ஆசைப்பட்டுச் செய்ததையெல்லாம் தன் கையாலேயே கழற்றிப் போட்டவரை நடுத்தெருவில் வைத்து ஏமாற்றுக்காரர் என்றேன். அவரும் வாங்கிக்கொண்டார். வீட்டிலிருந்த இவ்வளவு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அதையே அம்மாவிடம் கேட்டேன். "கீரையைப் பாத்து ஆயிடி, காம்பு கெடக்கு" என்றாள்.

மூணாறு போகாத அந்த லீவில் ஒரே ஒரு தடவை என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். துணி எடுக்க என்றார்கள். அம்மா பின்சீட்டு முழுவதும் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். அதனால் எனக்கு முன்சீட்டு கிடைத்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் மாமா ஊர்ந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, சக்கரத்தை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றினார். டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு அவமானமாக இருந்தது. அதில் வேறு, ரோட்டைப் பார்ப்பதைவிட அதிகமாக அவர் தலைக்கு மேலே இருந்த, பின்பக்கம் தெரிகிற கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பேச்சை நிறுத்தியபின் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான். "பின்னாடி ஒரு வண்டியும் வரல. அப்படி எதைத்தான் பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்று சொல்லிவிட்டு மாமா இன்னும் வேகத்தைக் குறைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. அம்மா உதட்டைக் கடித்தபடி கண்ணை இறுக மூடியிருந்தாள். என்னை மூணாறுக்குக் கூட்டிப்போகாமல் இவள் மட்டும் சுகமாகத் தூங்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.