கடைசி பெஞ்சில் ஒரு அம்மா

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். வீட்டில் யார் சொல்லித் தருவார்களாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட்டுத்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை வாங்கினேன். "ஒரே ஒரு அம்மா வந்து கத்தினாலும் அன்னைக்கோட நிறுத்திடணும்" என்றார் தலைமையாசிரியை.

சில வாரங்களிலேயே ஒரு அம்மா வந்துவிட்டார். மண்ணூர்பேட்டைக்காரர். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, டிபன் டப்பாவும் கையுமாக நேரே வகுப்பு வாசலுக்கு. முதல் பெஞ்சில் இருந்த அவர் மகள் டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், வயசுப் பொண்ணுங்களாண்ட கண்றாவியெல்லாம் பேசிகினுகீறியாமே?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "போன மாசம் இவ வயசுக்கு வந்ததை மைக் செட் கட்டி ஊருக்கே சொன்னீங்களேம்மா, அது ஏன் வருதுன்னு இவளுக்கு மட்டும் தெரியக் கூடாதா? பின்னாடி உக்காந்து கேளுங்க. தப்பா இருந்தா நானே உங்களை ஹெச்.எம். ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வகுப்பு போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் முறைத்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைக்குக் குரோமோசோம். அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான். அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண் என்று போர்டில் வரைந்து காட்டினேன். பின்னால் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், அத்த இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"அப்போ மூணும் பொண்ணா பொறந்ததுக்கு நான் காரணம் இல்லியா? அதுக்குன்னே எங்க ஊட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாத்துகினுகீறாங்க."

"நீங்க இல்லம்மா. அவரு நெனச்சாலும் மாத்த முடியாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்டையே பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பெல் அடித்ததும், "ஹெச்.எம். ரூமுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"அத்த உடு டீச்சர்" என்றவர் மகளிடம் திரும்பினார். "ஏய், தலைய தூக்கு. ஒயுங்கா கேட்டுகினியா? ஊட்டுக்குப் போயி உங்கப்பனாண்ட நீதான் சொல்லணும். எனுக்கு அந்த எக்ஸு, ஒய்யெல்லாம் வாய்ல வராது."

டெஸ்கிலிருந்து தலை நிமிர்ந்தது.

"சொல்றேம்மா" என்றாள் அந்தப் பெண், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.