ஜிமிக்கிப்பூ கண்டக்டர்

1996 ஆகஸ்டில், கொடைக்கானல் போகும் அரசுப் பேருந்தில்தான் ராயப்பராஜை முதலில் பார்த்தேன். மலையில் ஒரு பள்ளியில் எனக்கு நேர்முகத் தேர்வு. தாடிக்கொம்பு பக்கத்தில் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. தாவரவியல், முதல் வகுப்பு. சான்றிதழ் ஃபைலைப் பைக்குள் வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

பெருமாள்மலையில் டீ குடிக்க வண்டி நின்றது. எல்லோரும் கடைக்குள் போக, கண்டக்டர் மட்டும் கடைக்குப் பின்னால் வேலியோரம் குனிந்து நின்றார். வேலி முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. அவர் பறித்தது பூவை அல்ல. பூ உதிர்ந்த காம்பில் களாப்பழம்போலக் கறுத்துத் தொங்கிய பழங்களை.

"தம்பி, ஃபைல்ல என்ன படிப்பு?"

"பாட்டனிண்ணே."

"அப்ப இது என்ன பூன்னு சொல்லு."

"ஃபூஷியா. ஓனாக்ரேசி குடும்பம்."

"குடும்பம் கெடக்கட்டும். திண்டுக்கல்லுல முளைக்குமா?"

"முளைக்காது" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

டிரைவர் சுருளிவேல் டீ கிளாஸோடு சிரித்தார். "கேட்டியா ராயப்பு? ரெண்டு வருசமா நான் சொன்னதத்தேன் படிச்சவரும் சொல்றாரு. ஜிமிக்கிப்பூவ ஜிமிக்கியாப் பாத்துட்டுப் பேசாம விசில ஊது."

ராயப்பராஜ் பழங்களை டிக்கெட் பையின் சின்ன அறையில் போட்டு, மூடியை அழுத்திவிட்டு விசில் ஊதினார்.

அந்தப் பள்ளி வேலை எனக்குக் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு டுட்டோரியலில் சேர்ந்து, மேட்டுப்பட்டியில் அறை எடுத்தேன். ராயப்பராஜின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. முளைக்காது என்று சொன்ன வாயோடு, முளைத்ததா என்று பார்க்கப் போக ஆரம்பித்தேன்.

என்னைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவர் குச்சி ஒடித்து, ஈர வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டும்போதே இலை தொங்கிவிடுமாம். அதனால் விதைக்கு மாறினார். அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது.

"மேலருந்து வர்ற குச்சிக்கு மலைக்குளிர் பழகிப்போச்சு. கீழ எறங்குனா அதத் தேடும். இங்கனயே முளைக்கிறதுக்கு இந்த ஊரத் தவிர என்ன தெரியும்?"

பாடப்புத்தகத்தில் இதற்கு மறுப்பு இருந்தது. நான் சொல்லவில்லை.

அவர் விவசாயக் குடும்பம். விதை என்றால் கத்தரி விதையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பழத்தைப் பிசைந்து, டீ வடிகட்டியில் அலசி, சாம்பலில் புரட்டி, வெயிலில் காயவைத்து, தொட்டியில் தூவி, மேலே எருத்தூள் மூடி, அதற்கு மேல் வைக்கோல் பரப்பினார். இருபது நாள் கழித்து வைக்கோலை நீக்கினால் வெறும் மண். மறுபடி செய்தார். மறுபடியும் வெறும் மண். எங்கள் வீட்டிலும் நாற்றங்காலை அப்படித்தான் மூடுவோம் என்பதால் எனக்கும் அதில் தவறு தெரியவில்லை.

தவறைப் பிடித்தது அவர் மனைவி ஆனந்தமேரி. 1997 பிப்ரவரியில் ஒரு நாள் தண்ணீர் டிரம்முக்கு அடியில் இருந்த செங்கல்லைத் தேய்க்கப் போனவர், தேய்க்காமல் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. பாசின்னு நெனச்சேன். எலை ஜோடி ஜோடியா நிக்கிது."

பழத்தை அலசிய தண்ணீரை ராயப்பராஜ் அந்தச் செங்கல்மேல்தான் ஊற்றுவார். வடிகட்டிக்குத் தப்பிய விதைகள், தூசி அளவு விதைகள், சாம்பலும் மண்ணும் வைக்கோலும் இல்லாமல் ஈரச் செங்கல்லில் ஒட்டிக்கொண்டு முளைத்திருந்தன. நான் கல்லூரி நூலகத்துக்கு ஓடி, புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தேன்.

"இதுக்கு வெளிச்சம் வேணுமாம்ணே. மூடவே கூடாதாம்."

"அத செங்கல்லே சொல்லிருச்சே தம்பி."

பதினேழு நாற்றை ஈர்க்குச்சியால் நெம்பியெடுத்து நட்டார். மே இரண்டாம் வாரத்துக்குள் பதினேழும் வெயிலில் கருகின. அவர் தலையில் கைவைத்து உட்காரவில்லை. சுவரில் தொங்கிய மாதா படக் காலண்டரை எடுத்து, மாதங்களை விரலால் பின்னோக்கித் தள்ளினார்.

"வெதச்சதுலருந்து பூவுக்கு ஆறு மாசம்னு வையி. குளிருற மாசம் மார்கழி. அப்ப ஜூலையில வெதைக்கணும். நான் வெதச்சது தப்பில்ல, மாசந்தேன் தப்பு."

ஆனந்தமேரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்த வருடம் குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை.

"குடிக்கத் தண்ணியில்லாம தெருவே குடத்தத் தூக்கிட்டு அலையுது. பூக்காத செடிக்கு எந்தண்ணி கெடையாது. அந்த எடத்துல நான் கோழிக்கூடு வெக்கப்போறேன்."

"கிறிஸ்மஸ் வரைக்கும் எடத்தக் குடு, மேரி. அதுக்குள்ள ஒரு பூ பூக்கலேன்னா கூட்ட வச்சுக்க. அப்புறம் செடின்னு ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"தம்பி சாட்சி" என்று ஆனந்தமேரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வீட்டில் நாள் முழுக்க நிழல் நின்றது வடக்குச் சுவரை ஒட்டிய அந்த இரண்டடி இடத்தில் மட்டும்தான். தண்ணீருக்கு மலையிலிருந்தே வழி செய்தார். ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டை பெருமாள்மலை டீக்கடைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் நிரப்பி, தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு இறங்குவார். கேனுக்கு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக்கொள்வார்.

"ஏப்பா கண்டக்டரு, தண்ணிக்கு ஜன்னலோரம் குடுக்கலையா?" என்று பயணிகள் கேலி பேசுவார்கள்.

"வாந்தி எடுக்காத பாசஞ்சருக்கு எந்த சீட்டா இருந்தா என்ன?" என்பார்.

ஜூலையில் சலித்த மணலும் மக்கிய இலையும் கலந்து, மேலாக விதையைத் தூவி, மூடாமல் விட்டார். இருபத்தாறாம் நாள் முளைத்தது. ஆகஸ்ட் வெயில் பாதியைக் கொன்றது. வீட்டில் குடிதண்ணீர்ப் பானை ஈர மணல்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒவ்வொரு செடியையும் சின்ன மண்சட்டியில் நட்டு, சட்டியைப் பெரிய சட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர மணலை நிரப்பினார். அதைச் சுற்றி நனைத்த சாக்கு. அக்டோபரில் ஐந்து செடி மிஞ்சியது. மழை பிடித்ததும் ஐந்தும் தழைத்தன. டிசம்பர் பதினைந்துக்கு மேல் ஒரு செடியில் மூன்று மொட்டு தொங்கியது.

மொட்டு தொங்கியதே தவிர விரியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கோயிலிலிருந்து வந்ததும் புதுச்சட்டையோடு முற்றத்தில் போய் உட்கார்ந்தார். மூன்றும் பச்சையாகவே இருந்தன. மாலையில் நான் கேக் சாப்பிட அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் சட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்க" என்றார் ஆனந்தமேரி. "மொட்டு வந்துருச்சுல்ல. கூடு பெறகு பாத்துக்கலாம்."

"பூன்னுதேன் பேச்சு. மொட்டுன்னு பேசல."

"நாந்தேன் வேணாங்கிறேனே!"

"நீ விட்டுக்குடுத்து வர்ற பூ எனக்கு வேணாம், மேரி. எடம் ஒன்னோடது. ஆனா செடியத் தெருவுல போடுறேன்னு நான் சொல்லல."

சொன்னதை மீறாமல், செடியையும் விடாமல், மாடிப்படியில் ஏற்றினார். படிக்கு ஒரு சட்டி. வடகாற்று நேராக அடிக்கும் படி அது. மாடிக்கு யார் போனாலும் ஒருக்களித்துத்தான் ஏறவேண்டும். மறுநாள் ஆசாரி வந்து கூடு அடித்தார். செடியைப் பற்றி ராயப்பராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினார்.

ஜனவரி ஆறாம் தேதி விடிந்ததும் என் அறைக் கதவைத் தட்டியது ஆனந்தமேரி. "தம்பி, அவரு டூட்டிக்குப் போறதுக்குள்ள வாங்க. அவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நான் சொல்லித்தேன் ஆகணும்."

மூன்றாம் படியில் ஒரு பூ விரிந்திருந்தது. பெருமாள்மலையின் சிவப்பும் ஊதாவும் இல்லை. மேலிதழ் வெளிர் ரோஸ், உள்ளே வெள்ளை. விதையில் வருவது தாயைப்போல இருக்காது என்று நான் படித்திருந்தேன். ராயப்பராஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சட்டைக்குப் பொத்தான்கூடப் போடவில்லை.

சுருளிவேல் அன்று மாலையே வந்து பார்த்தார். "நம்மூரு வெயிலுல சாயம் வெளுத்துப் போச்சேப்பா."

"வெளுக்கல. இது மேட்டுப்பட்டிக் கலரு" என்றார் ஆனந்தமேரி. பேசக்கூடாது என்ற ராயப்பராஜின் வாக்கைத் திருப்பிக் கொடுப்பதாக அவரே அறிவித்தார். அந்தப் பூவில் காய் பிடித்துப் பழுத்ததும், முதல் பழத்தைப் பறித்து நிழலில் உலர்த்தியவர் அவர்தான்.

ராயப்பராஜ் 2009 மே மாதம் பணி ஓய்வு பெற்றார். அதே வீட்டில்தான் இருக்கிறார். பழத்துக்கு மலையேறுவதில்லை. தன் செடிகளின் விதையையே ஜூலையில் விதைக்கிறார். இந்த வருடம் நாற்பத்தொரு நாற்று முளைத்திருக்கிறது.