தங்கை என்னைக் கைவிட்டுப் போகவில்லை

என் தங்கைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம், தங்கை இந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் துவைத்துக் காயப்போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவர் கூட்டிய வாசலில் நின்றுதான் அப்படிச் சொன்னேன்.

தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், வயதான அண்ணனைத் தனியே விட்டுவிட்டு ஒரு சபைக்காக மலையிறங்கிப் போனவர் என்றே அவரை நினைத்திருக்கிறீர்கள். அடக்கத்தன்றே சிலர் அதை என் காதுபடப் பேசினீர்கள். நான் மறுக்கவில்லை. உட்கார்ந்து எழுத இப்போது உடம்பு ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் இதைச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

தங்கை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில், எனக்குப் பல வருடம் இளையவராகப் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்துவரும் வரை அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். கடைசி வரை நான் அவரைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டேன். எனக்குக் கொல்லிமலையில், வாழவந்தி நாடு ஊராட்சியின் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. சில வருடம் கழித்துத் தங்கையும் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, அதே மலையில் திண்ணனூர் நாடு ஊராட்சிக்குக் கிராம செவிலியராக வந்தார். அப்போது பல குக்கிராமங்களுக்கு ரோடு கிடையாது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடப்பார். மழைக்காலத்தில் அட்டை கடித்த கால்களோடு வீட்டுக்கு வருவார். பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலியில் தூக்கிவரும்போது, கூடவே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். அடக்கத்துக்கு மலையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மலையில் வேலை பார்க்கும் பெண் வேண்டாம் என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரன் தேட வேண்டிய நான் தேடவில்லை. அந்தச் சமயம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்திருந்தது. தங்கை மலையில் சோளக்காடு என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கே குடிவந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, அண்ணியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்த பின்னும் தங்கை அப்படியே இருந்துவிட்டார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பணி ஓய்வு பெற்ற பின், தன்னோடு செவிலியர் பயிற்சி படித்த தோழியைப் பார்க்க ஈரோட்டுக்குப் போனார். தோழி மார்மன் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் மிஷனரிப் பையன் ஒருவன், ஆந்திராக்காரன், அவர் வீட்டு மாடி அறையில் காய்ச்சலில் கிடந்தான். தங்கை ஊருக்குத் திரும்பாமல் அவன் எழுந்து நடக்கும் வரை கூட இருந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஞாயிறுதோறும் அந்தச் சபைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்தார்.

நம் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே ஆலயத்துக்குப் போகிற குடும்பம். ராசிபுரத்தில் இருக்கும் பெரியப்பா மகள், நம் எல்லோருக்கும் அக்கா, கேள்விப்பட்டவுடன் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அங்கயும் ஏசுதான?"

"அதே ஏசுதானுங்க்கா."

"அப்பறம் எதுக்குடி வாராவாரம் பஸ் சார்ஜு?"

தங்கை சிரித்தாரே தவிர, போவதை நிறுத்தவில்லை. அந்தச் சபையில் காபி, டீ குடிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே காபிச் செடி நின்றது. வறுத்து அரைத்து எனக்கு இரண்டு வேளையும் போட்டுக் கொடுத்துவிட்டு, "சக்கரை சரியா இருக்குதுங்களாண்ணா?" என்று என் முகத்தைப் பார்ப்பார். தான் ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்கமாட்டார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சொன்னார்: "அண்ணா, வயசான பொம்பளைங்களையும் வெளிநாட்டுக்கு மிஷனரி ஊழியத்துக்கு அனுப்பறாங்களாமுங்க. நர்சுன்னா இன்னும் நல்லதாமா. ஊரு விட்டு ஊரு வந்த புள்ளைங்க அங்கயும் காய்ச்சல்ல கெடக்குமுல்ல? நெத்தியத் தொட்டுப் பாக்க ஒரு ஆளு வேணுமுல்ல?"

"எந்த நாடு?"

"அது அவங்க சொல்றதுதானுங்க. நாம கேக்க முடியாது. ஒன்றர வருசந்தாங்கண்ணா. வந்துருவேன்."

சரி என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தேன். சாயங்காலத்தில் அவர் வாசலில் நின்று கதவைத் தட்டுவார். நான் உள்ளே வெள்ளைக்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு திறப்பேன். அவர் வீடுவீடாகப் போகும் மிஷனரி மாதிரி ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தப்பாகச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவேன். "படிக்கற புள்ளைங்க மூஞ்சியிலயும் இப்படித்தான் சாத்துவீங்களா? நல்லா கை பழகியிருக்குது," என்பார். பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டார். பயணத்துக்கு முன் அதெல்லாம் சரியாக இருக்க வேண்டுமாம். ஆயுளுக்கும் ரப்பர் செருப்பு போட்டவர், கேன்வாஸ் ஷூ வாங்கிச் சோளக்காடு சந்தைக்குள் நடந்து பழகினார். பலாப்பழக்காரி விடவில்லை. "ஏனுங்க நர்சம்மா, ஓட்டப் பந்தயமுங்களா? ஜெயிச்சா எனக்கொரு கப்பு எடுத்தாங்க!"

நானும் சிரித்தேன். ஆனால் இரவில் படுத்தால், அவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் நினைவில் ஓடும். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. சபை பிடிக்கவில்லை என்றோ, அவர் உடம்புக்கு ஆகாது என்றோ சொன்னால் அது இன்னொரு பொய்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அவர் என் பழைய மாணவர். தங்கை ஞாயிறு ஆராதனை முடிந்து ஈரோட்டில் தங்கிவிட்டு, காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா இல்லீங்களா சார்?"

"கீழ போயிருக்கா."

"பஸ்சு வர்ற நேரந்தானுங்களே. இருந்து பாத்துட்டே போறனுங்க."

"இருக்க வேண்டாம்ப்பா. அவ இங்க நெலையா இருக்கறதில்ல. ஈரோட்டுலயே தங்கிக்கிறா. எப்பவாச்சும் வருவா, போவா."

அவர் யோசித்தார். "இந்த அட்ரசுதானுங்களே குடுத்திருக்காங்க?"

"குடுத்திருப்பா. எனக்கென்ன தெரியும்?"

"சரிங்க சார். நீங்க சொன்னா சரிதானுங்க."

நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் தங்கை பையோடு உள்ளே வந்தார். "ஆராச்சும் வந்தாங்களாண்ணா?"

"ஆரும் வரல பாப்பா."

விசாரணை அறிக்கை பாதகமாக வந்திருப்பதாக அவர் போனுக்குச் செய்தி வந்தது. ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினார். ஆபீஸ் காரியமெல்லாம் வீட்டில் நான்தான் பார்ப்பது வழக்கம். "நீ இரு, நான் பாத்துக்கறேன்," என்றேன். பிறகு ஆள் மாற்றல் என்றேன், மேலே எழுதியிருக்கிறார்கள் என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன். சாயங்காலப் பாடம் மட்டும் நிற்கவில்லை. கதவைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை, அதனால்தான் தேவன் தடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். உபவாசம் இருந்தார். அவருக்கே பல வருடமாகச் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது என்று மலை முழுக்கச் சொல்லித் திரிந்தவர், எனக்குத் தெரியாமல் பட்டினி கிடந்தார். ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, சுவரோடு சாய்த்து உட்காரவைத்தேன். கண் திறந்ததும், "அந்த ஆபீசருங்க மனசு எளகோணும்னு வேண்டிக்கிட்டனுங்கண்ணா," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "அந்த ஏட்டுக்குக் காபி குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ரெண்டு டம்ளரு கெடந்துச்சு. நாந்தான் கழுவுனேன். கேக்கோணும்னு தோணல."

நான் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எதுக்குங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"காலைல ஆரு கஞ்சி வெச்சுக் குடுப்பாங்கன்னு பயமாப் போச்சு பாப்பா."

"கஞ்சிக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "கேட்டிருந்தா கத்துக்குடுத்திருப்பனுங்களே."

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், உங்க வாயிலிருந்து வந்துச்சுன்னுதான் நான் வேற ஆரையும் கேக்கல." திட்டியிருந்தால் தேவலை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புதிதாக விண்ணப்பித்தோம். இந்த முறை தங்கை எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்து ஏட்டின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பாஸ்போர்ட் தபாலில் வந்தது.

சபைக்கு அனுப்ப உடல் பரிசோதனை செய்தபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. வெளிநாடு கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பட்டினியால் வந்ததா என்று கேட்டேன். பல வருடச் சர்க்கரை ஐயா, ஒன்றைக் கைகாட்ட முடியாது என்றார். ஒரு வருடத்துக்கு முன் பரிசோதித்திருந்தால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

அந்த வாரமே தங்கை துணிமணி எடுத்து வைக்கத் தொடங்கினார். ஈரோட்டில் தோழியின் வீட்டில் தங்கி, அங்கே வந்துபோகும் மிஷனரிப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னியே பாப்பா?"

"மன்னிச்சுட்டனுங்கண்ணா. அதுக்கும் இதுக்கும் என்னங்க? நான் கெளம்பறதுன்னு எப்பவோ முடிவு பண்ணிட்டேன். நீங்கதான் நிறுத்தி வெச்சிருந்தீங்க."

போவதற்கு முன் எனக்குச் சாமைக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் அளவை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார்.

வெளிநாட்டுக்குப் போயிருந்தால் ஒன்றரை வருடத்தில் திரும்பியிருப்பார். ஈரோட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து படுத்திருந்தாலும், மாடியில் எந்தப் பையனுக்கோ இருமல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கடைசி வாரத்தில் என்னை அடையாளம் தெரிந்தது. பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து நாடித்துடிப்பு பார்த்தார். தூங்கிக்கொண்டே போய்விட்டார். அவர் விருப்பப்படி அங்கேயே அடக்கம் செய்தோம்.

தங்கையைக் கூடப்பிறந்தவர் போல் வைத்துக்கொண்ட தோழிக்கும், டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், ஜெபித்துத் தோள்கொடுத்த அவரது சபையாருக்கும், வேன் பிடித்து வந்த மலைக்கிராமத்து மக்களுக்கும், என் சொல்லை நம்பியதற்காக வருந்தி எனக்கும் முன்னால் அடக்கத்துக்கு வந்து நின்ற ஏட்டுக்கும் என் நன்றி.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். தங்கை போன பிறகு, தனியாகிவிட்டேனே என்று இரக்கப்பட்டு ராசிபுரத்து அக்கா ஞாயிறுதோறும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். இலை போட்டுக்கொண்டே தங்கையைத் திட்டுவார். நானும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருப்பேன். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப இத்தன நாளும் நான் திட்டுனது உன்னையத் திட்ட வேண்டியதா?"

"ஆமாங்க்கா."

"தின்னுக்கிட்டே கேட்டுட்டு இருந்தியேடா!" அக்கா தாளை என் பக்கம் தள்ளினார். "இனி ஞாயித்துக்கெழம இங்க வராத."

நான் போவதில்லை. என் தங்கைக்காக ஒருவராவது என்மேல் கோபப்பட்டாரே, அக்காவுக்கு நன்றி.