அடவிப் பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் ஒரு புத்தகக் கடை மாடியில், ஒரே ஒரு வார்த்தையால் என் மானம் போனது. அதுவும் நானே டைப் அடித்த வார்த்தை!

ஆந்திர எல்லையில், புத்தூரில் நான் பிரஸ் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி — இதுதான் நம் சரக்கு. அங்கே ஒருநாள் வனிதா வந்தாள். நகரிப் பெண். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்து, "ஒரு கேம் புக் போடணும்ணா" என்றாள்.

போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். திருடன், வைத்தியர், தளபதி... என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். அந்தக் கதையும் விதிகளும்தான் புத்தகம்.

இதை யார் வாங்குவார்கள்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் கூச்சம்தான் ஊரறிந்ததாயிற்றே.

வனிதா வீட்டில் பேசுவது தமிழ். படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். எழுத்தே தெரியாத ஒருத்தி, அஞ்சாங்கிளாஸோடு நின்ற ஒருவன் — ஆசிரியர் குழு எப்படி?

பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் சொன்னாள்: "அடவிப் பந்தி. திடீர்னு வரும். முட்டித் தள்ளும். ஓட முடியாதவங்க மரத்துல ஏறிக்கணும்."

அடவி என்றால் காடு. காட்டுக்குள் ஏது சாப்பாட்டுப் பந்தி? ஒரு நிமிஷம் இடித்தது. ஆனால் நம் பக்கத்துக் கல்யாணங்களில் மட்டும் பந்தி வேறு எப்படி நடக்கிறது? அப்படியே அடித்தேன். புத்தகமும் அச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விளையாட்டுச் சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். அவருக்குப் பிடித்தால் தன் கடைகளில் விற்பார். பிடிக்காவிட்டால், மறுநாளே வனிதா வேலை தேடி பெங்களூர் பஸ் ஏற வேண்டும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. அந்த அப்பாவும் காவலுக்கு வந்திருந்தார். விளையாடிப் பார்க்க ஆள் குறைந்ததால் அவருக்குத் தளபதி வேஷம். எனக்கு வாய் பேசாத வைத்தியர் — நானே கேட்டு வாங்கியது!

வியாபாரி புத்தகத்தைப் பார்த்துக் கணீரென்று படித்தார். "காட்டுக்குள் நடக்கிறீர்கள். எதிரே... அடவிப் பந்தி!"

"இன்னா போட்றாங்க?" என்றார் அப்பா.

"நைனா, அது துன்றதுக்கு இல்ல. உன்ன முட்டும்!" என்றாள் வனிதா.

"முட்டாம எந்தப் பந்திம்மா நடந்துகீது? நான் மொத எலையில குந்திக்கிறேன்."

"செத்துப்போவ நைனா! மரத்துல ஏறு!"

"எலைய எடுத்துக்கினு ஏறலாமா?"

வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வனிதா சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. தன் ஒரு வருஷ உழைப்பைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது... அவள் சொன்னது தெலுங்குப் பந்தி. தெலுங்கில் பந்தி என்றால் பன்றி!

எழுந்தேன். "என் தப்பும்மா. நீ சொன்னது பந்தி. நான் அடிச்சது பந்தி."

"ரெண்டும் பந்திதானேண்ணா?"

"அதாம்மா தப்பு!"

"வாய் பேசாத வைத்தியர் பேசிட்டாரு, ஆட்டத்துல செல்லுமா?" என்று அப்பா வியாபாரியிடம் நியாயம் கேட்டார்.

விஷயம் புரிந்ததும் வனிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பன்றின்னு மாத்தி அடிச்சுத் தர்றேன் சார்" என்றேன். "பந்தியில கை வெச்சீங்கன்னா புக்கை எடுக்க மாட்டேன்" என்றார் வியாபாரி.

வனிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நைனா... நாளைக்கி பஸ்ஸு?"

அவர் பகடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரும்மா, இன்னும் பாயசம் வரல."

புதன்கிழமை கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒருவர் பிரஸ்ஸுக்கு வந்தார். "பந்தி பன்னெண்டு மணிக்குன்னு போடுங்க" என்றார். இந்த முறை கூச்சப்படாமல் கேட்டேன்: "தமிழ்ப் பந்தியா, தெலுங்குப் பந்தியா?"

"மண்டபத்துப் பின்னாடி வந்து பாருங்க, ரெண்டுமே கீது!"